கித்தா நிரையில் வெளுத்த ரத்தம்

விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு. பெயர் கொடுத்ததும் வாளியும் உளியுமாக வெறுங்காலோடு கித்தா (ரப்பர்) நிரைக்குள் நுழைய வேண்டும். மலாயாவின் கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டங்களில் 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழ்ப் பெண்களின் நாள் இப்படித்தான் தொடங்கியது. வெளுத்த நகக்கண், வீங்கிய கால், நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சிரைப்பு: சோம்பல் என்று திட்டு வாங்கித் தந்த இந்த அடையாளங்களுக்கு மருத்துவம் வைத்த பெயர் ரத்தச்சோகை.

முதல் காரணம் மண்ணிலேயே இருந்தது. கழிப்பிடம் இல்லாத லயங்களில் குடியிருந்தவர்கள் மரங்களுக்கிடையே ஒதுங்கினார்கள். நிழலும் ஈரமும் வெப்பமும் சேர்ந்த அந்த மண்ணில் கொக்கிப்புழுவின் முட்டை பொரிந்தது. கண்ணுக்குத் தெரியாத இளம்புழு கால்விரல் இடுக்கின் தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்கும் பிறகு குடலுக்கும் போய்ச் சேர்ந்து, அங்கே ஆண்டுக்கணக்கில் ரத்தம் உறிஞ்சியது. ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போனது.

இதே புழுவால் இளைத்த அமெரிக்கத் தென்மாநிலத்து ஏழைகளையும் ‘சோம்பேறிகள்’ என்றே ஏசினார்கள். அங்கே 1909-இல் ஒழிப்பு இயக்கம் தொடங்கிய ராக்பெல்லர் நிதியினர், 1915-இல் சாமுவேல் டார்லிங் தலைமையில் ஒரு குழுவைக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பினார்கள். மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் நடந்த அந்த ஆய்வின் அறிக்கை 1920-இல் வெளிவந்தது. அது கொக்கிப்புழுவை மட்டும் பேசவில்லை. மலேரியாவையும் சேர்த்தே ஆராய்ந்தது.

சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். 1901-இல் கிள்ளானில் சதுப்பை வடித்துக் காய்ச்சலை அடக்கிக் காட்டினார் மருத்துவர் மால்கம் வாட்சன். ஆனால் காட்டை அழித்துப் புதிதாகத் திறந்த தோட்டங்களில் கொசுவும் கூடவே குடியேறியது.

பெண்களுக்கு இதன்மேல் இன்னொரு சுமை. மாதவிலக்கிலும் அடுத்தடுத்த பேற்றிலும் இரும்பு கரைந்துகொண்டே இருக்க, அதை ஈடுகட்டும் கறியும் மீனும் வாங்கக் கூலி போதவில்லை. 1920-களின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40. ரப்பர் விலை சரிந்த 1930-இல் அது 40-ஆகவும் 32-ஆகவும் இறங்கியது. தமிழர்கள் உண்ட புழுங்கலரிசி, பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்களை வாட்டிய பெரிபெரியிலிருந்து அவர்களைக் காத்தது உண்மை. ஆனால் சோறும் புளிக்குழம்பும் தரும் இரும்பு, உடலில் எளிதில் சேராத வகை. 1923 தொழிலாளர் சட்டம் பேறுகால உதவித்தொகைக்கு வழி செய்தது. ஆனாலும் ஆயாக் கொட்டகையில் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தாய் மறுபடி நிரைக்குத் திரும்பினாள்.

பிற்பாடு கழிப்பிடமும் குழாய்த் தண்ணீரும் காலில் செருப்பும் வந்தன. அரசு கிளினிக்குகள் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தன. கித்தாவும் செம்பனைக்கு வழிவிட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது இதே வட்டாரத்துத் தெனாமாரத்தில்தான். தோட்டங்கள் துண்டாடப்பட, லயத்துப் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள்.

சோகை மட்டும் விடைபெறவில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்துக்கு மூவர் ரத்தச்சோகை உள்ளவர்கள். ஓயாத அசதியை வேலைக் களைப்பு என்று தள்ளிவிடாமல், பக்கத்து கிளினிக்கில் ஒருமுறை ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.