கடலின் கூலியை யார் கொடுப்பது? ஃபீனிக்ஸ் பே வழியே ஒரு விலைவாசி வரலாறு

அந்தமானில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெருநிலத்தைவிட ஏன் விலை கூடுதல் என்ற வினாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை 'கடல்' என்பதே. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கி.மீ. தொலைவில் உள்ளது, கப்பல் வந்து சேர மூன்று நாள் அளவில் ஆகும். ஆயினும் தொலைவு தானாகவே விலையாகிவிடுவதில்லை. அதைக் கடக்கும் செலவு யார் தலையில் ஏற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே விலை அமைகிறது. அந்தமானின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

1858 மார்ச்சில் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்து இங்கே தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். கைதிகளுக்குக் கிடைத்தது பங்கீட்டு உணவு. அதைக் கப்பலில் கொண்டுவரும் கூலி காலனிய அரசின் கணக்கிலேயே சேர்ந்தது. அச்செலவைக் குறைக்கவே நன்னடத்தைக் கைதிகளுக்கு நிலம் அளித்து, அவர்கள் தாமே பயிரிட்டுப் பிழைக்கும் முறை ஊக்குவிக்கப்பட்டது. காடு திருத்தப்பட்டது, நெல் விளைந்தது. ஆனாலும் தீவு கப்பலை நம்பியிருக்கும் நிலை மாறவில்லை. ஃபீனிக்ஸ் பேயில் கைதிகளின் உழைப்பால் பட்டறைகள் இயங்கின. சாத்தம் தீவில் 1883இல் மர அறுவை ஆலை எழுந்தது. மரம் வெளியே சென்றது, உணவு உள்ளே வந்தது.

இந்தச் சார்பின் கொடிய முகம் 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்பில் வெளிப்பட்டது. நேசநாட்டுப் படைகள் கடல்வழியை நெருக்கியதும் தீவில் பசி பரவியது. 1945 ஆகஸ்டில், உணவுச் சுமையாகக் கருதப்பட்ட நூற்றுக்கணக்கானோர், பயிர்செய்ய அனுப்பப்படுவதாகக் கூறி ஹேவ்லாக் தீவை நோக்கிக் கப்பலேற்றப்பட்டு, கரையை அடையும் முன்பே கடலில் இறக்கிவிடப்பட்டனர். பிழைத்தவர் மிகச் சிலரே. பணம் இருந்தாலும் பொருள் இல்லை என்ற நிலையில் விலை என்ற சொல்லே பொருளிழந்தது.

விடுதலைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகளும், பின்னர் தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழருள் ஒரு பகுதியினரும் இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்டனர். மக்கள்தொகை பெருகியது, 2011இல் அது 3.8 இலட்சம். விளைநிலம் அதே வேகத்தில் பெருகவில்லை, பெருகவும் முடியாது. பெரும்பகுதி காடு, அதில் கணிசமானது பழங்குடியினரின் காப்பகம். 2004 ஆழிப்பேரலையில் இருந்த வயல்களிலும் ஒரு பகுதி உப்புநீரில் மூழ்கியது. 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதையும் அதை வெளியே அனுப்புவதையும் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டைக் காக்க அது இன்றியமையாத ஆணை. ஆனால் அதனால் திரும்பும் கப்பலுக்கான சரக்கு மேலும் சுருங்கியது. வெறுமையாய்த் திரும்பும் கப்பலின் செலவையும் வரும் சரக்கே சுமக்க வேண்டும்.

சரக்கின் பயணம் போர்ட் பிளேரோடு முடிவதில்லை. பெருநிலக் கப்பல்கள் ஹாடோ துறையில் அணைகின்றன. தீவுகளுக்கிடையே செல்லும் படகுகள் ஃபீனிக்ஸ் பேயிலிருந்து புறப்படுகின்றன. ஒரே மூட்டை ஒருமுறை இறக்கப்பட்டு, மறுமுறை ஏற்றப்பட்டு, ஹேவ்லாக்கிலோ ரங்கத்திலோ மீண்டும் இறக்கப்படுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூலி கூடுகிறது. அழுகும் பொருளில் இழப்பும் கூடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் படகு நின்றால் தட்டுப்பாடு. காய்கறி விளையும் நீல் தீவும் தன் விளைச்சலைச் சந்தைப்படுத்த இதே படகுகளையே நம்பியுள்ளது. தென்கோடியிலுள்ள பெரிய நிக்கோபாருக்குச் சுமத்ரா 200 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் இருக்க, அன்றாடச் சரக்கோ பெருநிலத்திலிருந்து போர்ட் பிளேர் வழியாகவே வருகிறது.

இனி ஒரு முரண். நாட்டிலேயே பெட்ரோல் விலை மிகக் குறைந்த இடங்களுள் அந்தமான் ஒன்று. பெட்ரோலும் அதே கடலைக் கடந்தே வருகிறது. வேறுபாடு வரியில் உள்ளது: அங்கே பெட்ரோல் மீதான விற்பனை வரி மிகச் சொற்பம். அரசு விட்டுக்கொடுக்கும் வரி கடலின் கூலியை ஈடுகட்டிவிடுகிறது. வெங்காயத்துக்கு அவ்வாறு விட்டுக்கொடுக்க வரி ஏதுமில்லை. அதன் கூலி முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது. நடுவண் அரசு ஊழியருக்குத் தீவுச் சிறப்புப் படி உண்டு. துறையில் மூட்டை சுமப்பவருக்கும் கட்டடக் கூலிக்கும் அது இல்லை. ஒரே சந்தையில் ஒரே விலை. அதைத் தாங்கும் வலு மட்டும் இருவேறு.

அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே அமெரிக்கக் கப்பல்களே சரக்கேற்ற வேண்டும் என்னும் 1920ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் போர்ட்டோ ரிக்கோவின் விலைவாசி விவாதத்தில் இன்றும் மையமாக இருப்பதும் இதனாலேயே. அங்கும் வழக்கு கடலின் மீதன்று, சட்டத்தின் மீது.

எனவே தீவுகளின் விலைவாசியை ஆராய்வோர் வரைபடத்தில் தொலைவை அளப்பதோடு நின்றுவிடலாகாது. கப்பல் கட்டண ஆணைகள், வரி அறிவிக்கைகள், ஊதியப் பட்டியல்கள், படகு ரத்தான நாட்களின் குறிப்புகள் ஆகியவற்றை ஒருசேர வைத்துப் படிக்க வேண்டும். 1858இல் அரசின் கணக்கில் இருந்த கடலின் கூலி, எந்தெந்த முடிவுகளால் ஃபீனிக்ஸ் பேயின் கூலித் தொழிலாளியுடைய கணக்குக்கு மாறியது என்பது அவற்றில்தான் பதிவாகியிருக்கும்.