இரு படங்களுக்கு நடுவே ஒரு படம்: கமடோர் 64இன் 'இன்டர்லேஸ்' ஓவியங்கள்

கணினி வரைகலையின் வரலாற்றை எழுதுவோர் கருவியின் திறனைக் கணக்கிடுகின்றனர். படத்தைக் கருவிக்கேற்ப ஆயத்தம் செய்த மனித உழைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். கமடோர் 64 கணினியின் 'இன்டர்லேஸ்' படங்கள் இந்த விடுபடலுக்கு நல்ல சான்று.

சொல்லிலிருந்து தொடங்கலாம். 'இன்டர்லேஸ்' என்பது இழைகளை ஒன்றனூடே ஒன்றாகப் பின்னுதல். தொலைக்காட்சித் துறையில் அதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. 1936இல் லண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி ஒளிபரப்பிய 405 வரி முறையில், படத்தின் ஒன்றுவிட்ட வரிகள் முதலிலும் இடையே விடுபட்ட வரிகள் அடுத்தும் வரையப்பட்டன. அலைக்கற்றையைக் கூட்டாமலேயே சிமிட்டல் குறைந்தது.

1982இல் வெளிவந்த கமடோர் 64 இவ்வாறு பின்னவில்லை. அதன் விஐசி-2 சில்லு, ஐரோப்பிய வடிவில், அதே 312 வரிகளையே நொடிக்கு ஏறத்தாழ 50 முறை வரைந்தது. 1990களின் ஐரோப்பிய டெமோ கலைஞர்கள் செய்தது வேறு. நினைவகத்தில் இரு முழுப் படங்களை வைத்து, இரண்டாவதை அரைப் புள்ளி அகலம் நகர்த்தி, இரண்டையும் மாறிமாறிக் காட்டினர். இடத்தில் நிகழ்ந்த பின்னல் காலத்தில் நிகழும் பின்னலாயிற்று. பழைய சொல்லே புதிய செயலுக்கும் பெயராயிற்று.

அவர்களுக்கு வாய்த்தவை மாற்றவியலாத 16 நிறங்கள். பல்வண்ண முறையில் திரை 160×200 அகலப் புள்ளிகள் கொண்டது. 4×8 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் 4 நிறங்களே இடம்பெறும், அவற்றுள் ஒன்று திரை முழுமைக்கும் பொது. எஃப்எல்ஐ எனும் உத்தி, நிறத் தகவலை வரிதோறும் மீண்டும் படிக்கச் சில்லைக் கட்டாயப்படுத்தியது. அதனால் இரு நிறங்களை வரிக்கு வரி மாற்ற முடிந்தது. அதற்கு விலையாக, 320 புள்ளி அகலத்தில் இடப்புற 24 புள்ளிகள் பாழாயின.

ஆகவே, ஒரு ஒளிப்படத்தை மாற்றுநிரலிடம் ஒப்படைக்கும் முன்பே பல முடிவுகளை எடுக்க வேண்டும். படத்தை 296×200 பரப்புக்குள் வெட்டி அமைக்க வேண்டும். நுண்ணிய இரைச்சலை நீக்க வேண்டும். ஒளிக்கும் நிழலுக்குமான வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். அனைத்திலும் முதன்மையானது ஒளிர்வு. பிந்தைய விஐசி-2 சில்லுகள் 16 நிறங்களையும் 9 ஒளிர்வு நிலைகளில் தந்தன. கருப்பும் வெள்ளையும் தனித்து நிற்க, எஞ்சிய 14 நிறங்கள் ஒத்த ஒளிர்வுடைய 7 இணைகளாகின்றன: நீலமும் பழுப்பும், சிவப்பும் அடர்சாம்பலும், பச்சையும் வெளிர்சிவப்பும் என. இவ்விணைகள் மாறிமாறித் தோன்றினால் கண்ணில் அமைதியாகக் கலந்து புதிய நிறமாகும். கருப்பும் வெள்ளையும் மாறினாலோ திரை துடிக்கும்.

இங்கேதான் கணிதத்துக்கும் கண்ணுக்கும் முரண் எழுகிறது. ஃபிளாய்டும் ஸ்டைன்பர்க்கும் 1976இல் வெளியிட்ட பிழைப்பரவல் முறை, ஒரு புள்ளியின் நிறப் பிழையை அண்டைப் புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. காலம் அதன் கணக்கில் இல்லை. சாம்பல் நிறம் வேண்டுமெனில், கருப்பும் வெள்ளையும் சராசரியில் ஏற்கத்தக்க விடை. பார்ப்பவருக்கோ அது தாங்கவொண்ணாத சிமிட்டல். எந்த இணைகளை அனுமதிப்பது, எவற்றை விலக்குவது என்பதை ஒருவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அத்தீர்மானம் தொழில்நுட்பத் தேர்வு மட்டுமன்று, அழகியல் தேர்வுமாகும்.

இதனை வலியுறுத்தக் காரணம் ஆவணக் காப்பு. இத்தகைய படமொன்றைத் திரைப்பிடிப்பாகச் சேமித்தால் பாதிப் படமே கிடைக்கும். இரண்டையும் சராசரியாக்கினால், நடுக்கமற்ற, பழைய குழாய்த் திரையில் எவரும் கண்டிராத ஒரு படம் கிடைக்கும். முழுப் படம் இரு 16 கிலோபைட் நினைவகப் பகுதிகளிலும் அவற்றுக்குப் பொதுவான நிற நினைவகத்திலும் பிரிந்து கிடக்கிறது. அது ஒன்றுசேர்வது பார்ப்பவரின் கண்ணில் மட்டுமே. எனவே மூலத் தரவு, அதனை இயக்கும் நிரல், காட்சிப்படுத்திய திரையின் தன்மை, கிடைக்குமெனில் ஆயத்தத்துக்கு முந்தைய படம் ஆகிய நான்கையும் சேர்த்தே காக்க வேண்டும் என்பது என் துணிபு. ஆவணவியல், ஊடக வரலாறு பயிலும் நண்பர்கள் மறுப்பு இருப்பின் எழுதுக.