கூரையும் யன்னலும் யாருடையவை?



கணக்கு விடயமாக என்னிடம் வரும் ஒரு குடும்பம் சில வருடங்களுக்கு முன் தங்கள் லண்டன் வீட்டின் கூரைக்குள் ஓர் அறை கட்டியது. தெருப்பக்கம் கூரையைக் கிளப்பி அழகான யன்னலும் வைத்தார்கள். "இதுக்கெல்லாம் பெர்மிஷன் தேவையில்லை அண்ணை" என்று வேலை செய்தவர் சொன்னாராம். வீட்டை விற்கப் போனபோது, வாங்குபவரின் சொலிசிட்டர் கடதாசி கேட்டார். இவர்களிடம் ஒரு துண்டும் இல்லை. நான்கு அறை வீடு என்று போட்ட விலை மூன்று அறை வீட்டின் விலையாக இறங்கியது.

"எங்கட காசில வாங்கின வீடு, எங்கட கூரை. இதுக்கு ஏன் கவுன்சிலைக் கேட்க வேண்டும்?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது.

1666இல் லண்டன் மாநகரம் பற்றி எரிந்தது. மரவீடுகளே தீயை வீதி வீதியாகக் கொண்டு சென்றன. அடுத்த வருடமே, புதிய வீடுகளைச் செங்கல்லால் அல்லது கல்லால் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1709இல் வந்த இன்னொரு சட்டம், யன்னலின் மரச்சட்டத்தைச் சுவரின் முகப்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது. ஒரு வீட்டில் பிடித்த தீ பக்கத்து வீட்டுக்குத் தாவக்கூடாது என்பதே நோக்கம்.

இடையில் அரசாங்கத்தின் கண் யன்னலில் வேறு விதமாக விழுந்தது. 1696இல் யன்னல் வரி வந்தது. வீட்டுக்கு இரண்டு சில்லிங். யன்னல்கள் பத்துக்கு மேற்பட்டால் அதற்கு மேலும் கட்ட வேண்டும். வரியைத் தவிர்க்கப் பலர் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நாட்டுப்புறத்தில் பத்துப் பவுண் வாடகை வீட்டுக்கு, லண்டனில் ஐந்நூறு பவுண் வாடகை வீட்டைவிடக் கூடுதலான யன்னல்கள் இருக்கலாம் என்று பொருளியல் அறிஞர் அடம் ஸ்மித் இந்த வரியின் அநியாயத்தைக் காட்டினார். காற்றும் வெளிச்சமும் இல்லாமல் ஏழைகள் நோயில் விழுகிறார்கள் என்ற எதிர்ப்பு வலுத்து, 1851இல் அந்த வரி நீங்கியது.

ஆனாலும் அதுவரை கட்டும் உரிமை நிலத்தின் சொந்தக்காரரிடமே இருந்தது. அதை மாற்றியது 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். அட்லியின் தொழிற்கட்சி அரசில் லூயிஸ் சில்கின் என்ற அமைச்சர் கொண்டுவந்த இச்சட்டம் 1948 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து நிலம் உங்களுடையது. அதில் புதிதாகக் கட்டும் உரிமையோ பொதுமக்கள் சார்பில் கவுன்சிலிடம். சிறிய வேலைகளுக்கு மட்டும் அனுமதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. அதைத்தான் 'பெர்மிற்றட் டிவலப்மென்ற்' என்கிறார்கள்.

அந்த 1948 ஜூலை 1 இன்றும் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தில் அனுமதி கேட்காமல் கூரையை வரிசை வீட்டில் 40 கன மீற்றர் வரை, மற்ற வீடுகளில் 50 கன மீற்றர் வரை பெருப்பிக்கலாம். இது அந்தத் திகதியில் வீடு இருந்த நிலையிலிருந்து கணக்கிடப்படும். அதற்குப் பின் கட்டிய வீடென்றால் கட்டிய நிலையிலிருந்து. முன்பு இருந்தவர் பெருப்பித்ததும் உங்கள் கணக்கிலேயே விழும்.

அளவு சரியாக இருந்தாலும், தெருவைப் பார்க்கும் முன்பக்கக் கூரைச் சரிவைத் தாண்டிக் கட்ட அனுமதி வேண்டும். மேற்சொன்ன குடும்பம் சறுக்கியது இங்கேதான். கூரையோடு ஒட்டிய கண்ணாடி யன்னல் 150 மில்லிமீற்றருக்கு மேல் வெளியே நீட்டக்கூடாது. பக்கச்சுவரில் வைக்கும் மேல்மாடி யன்னலுக்கு ஊடே தெரியாத கண்ணாடி வேண்டும், தரையிலிருந்து 1.7 மீற்றருக்குக் கீழ் அது திறக்கவும் கூடாது. பழைய யன்னலை அதே தோற்றத்தில் மாற்றப் பொதுவாக அனுமதி தேவையில்லை. ஆனால் பிளற்றுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பாதுகாப்புப் பகுதிகளில் கூரையைப் பெருப்பிக்க விண்ணப்பிக்கவே வேண்டும். சில தெருக்களில் முன்யன்னலை மாற்றவும் கேட்க வேண்டும்.

இதைவிடக் கட்டட ஒழுங்குவிதி என்று தனியாக ஒன்று உண்டு. தளத்தின் பலம், படிக்கட்டு, தீயில் தப்பும் வழி ஆகியவற்றைப் பார்ப்பது அதுதான். 1666இன் பாடம் அங்கே தொடர்கிறது. 2002 ஏப்ரலிலிருந்து யன்னல் மாற்றினாலும் அதற்குரிய சான்றிதழ் வேண்டும். திட்ட அனுமதி தேவையில்லை என்றால் இதுவும் தேவையில்லை என்று எண்ணுவதுதான் பெரிய பிழை.

அனுமதியின்றிக் கட்டியதன்மேல் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முன்பு நான்கு வருடக் கெடு இருந்தது. 2024 ஏப்ரல் 25க்கு முன் பெரும்பாலும் முடிந்த வேலைக்கு அதே நான்கு வருடம்தான். அதற்குப் பின் முடிந்தால் பத்து வருடம்.

நாங்கள் கடதாசியின் பெறுமதி தெரிந்த சனம். அகதி விண்ணப்பக் கடிதத்தை இருபது, முப்பது வருடமாகப் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள். ஆனால் ஊரில் பதிவும் உறுதியும் ஒருபோது எங்களுக்கு எதிராகத் திரும்பியதால், அரசாங்கத்திடம் கேட்பதென்றால் உள்ளூரப் பயம். இங்கே கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல. அனுமதி தேவையில்லாத வேலைக்கும் 'தேவையில்லை' என்று கவுன்சிலிடம் சட்டபூர்வச் சான்றிதழ் வாங்கலாம். அந்தத் தாளை வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு விற்கப்போவது உங்கள் பிள்ளைகளாக இருக்கலாம்.