‘எல்’ இல்லாத ஒரு செய்தி

பார்ப்பதற்கு மரப்பெட்டிக்குள் அடங்கிய டைப்ரைட்டர்தான். காகிதம் செருகத்தான் இடம் கிடையாது. எனிக்மா என்ற இந்த ரகசியக் குறியீட்டுக் கருவிக்கு ஜெர்மன் பொறியாளர் ஆர்தர் ஷெர்பியஸ் 1918-ல் காப்புரிமை கேட்டார். வங்கிகளும் கம்பெனிகளும் வாங்கும் என்பது அவர் கணக்கு. வாங்கியது 1926-ல் கடற்படை, பிறகு தரைப்படை.

சிப்பாய் ஒரு விசையைத் தட்டுகிறான். மின்சாரம் முதலில் முன்பக்கச் செருகுப் பலகைக்குப் போகும். அங்கே பத்துக் கம்பிகள் இருபது எழுத்துகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றிவிடும். அடுத்து மூன்று சுழல் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் இருபுறமும் 26 முனைகள். நடுவே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மூன்றையும் தாண்டிய மின்சாரம் கோடியிலுள்ள பிரதிபலிப்பானில் மோதி, வேறு பாதையில் அதே சக்கரங்கள் வழியே திரும்பி, மேலே ஒரு சின்ன விளக்கை எரிய வைக்கும். எரிந்த எழுத்தைக் குறித்துக்கொண்டு மோர்ஸில் அனுப்புவார்கள்.

சூட்சுமம் சக்கரத்தின் நகர்வில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் வலது சக்கரம் ஓரடி நகரும். அதனால் ‘ஏ’வை நான்கு முறை தட்டினால் நான்கு முறையும் ஒரே விளக்கு எரியும் என்று நம்ப முடியாது. மூன்று சக்கரங்களைத் தொடக்கத்தில் 17,576 விதமாக நிறுத்தலாம். செருகுப் பலகையில் மட்டுமே சுமார் 150 லட்சம் கோடி விதம்! ஜெர்மானியர்கள் மெத்தனமாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் போலந்துக் கணிதர் மரியான் ரெயெவ்ஸ்கி, 1932 கடைசியிலேயே ராணுவ எனிக்மாவின் சக்கரக் கம்பி அமைப்பைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கதை தனி அத்தியாயம் கேட்கும்.

இங்கே பிரதிபலிப்பானைக் கவனியுங்கள். அது இருப்பதால்தான் பூட்டிய கருவியாலேயே திறக்கவும் முடிந்தது. சக்கரங்களை அதே நிலையில் வைத்தால் போதும். வசதிதான். ஆனால் மின்சாரம் வந்த வழியே திரும்ப முடியாததால், எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது. ‘எல்’லைத் தட்டினால் ‘எல்’ தவிர எதுவும் வரலாம்.

இங்கிலாந்தின் சங்கேதம் உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில், சங்கேத நிபுணர் டில்லி நாக்ஸின் குழுவில் இருந்த இளம்பெண் மேவிஸ் லீவர், இத்தாலியக் கடற்படையின் எனிக்மா செய்தி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் ‘எல்’ என்ற எழுத்தே இல்லை. அவருக்குப் பொறி தட்டியது: சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னதற்கு, ஆபரேட்டர் சோம்பல்பட்டு விசைப்பலகையின் கடைசி விசையான ‘எல்’லையே தட்டித் தீர்த்திருக்கிறான்! மூலச் செய்தி முழுதும் ‘எல்’ என்று தெரிந்ததும், சக்கரத்தின் கம்பி ஓட்டத்தைப் பின்னோக்கிப் பிடிக்க வழி கிடைத்தது.

1941 மார்ச் இறுதியில், மாட்டபான் முனையருகே பிரிட்டிஷாருடன் நடந்த கடற்போரில் இத்தாலி மூன்று கனரகக் குரூசர்களையும் இரண்டு டெஸ்ட்ராயர்களையும் இழந்தது. இத்தாலியக் கப்பல்கள் கிளம்பப்போவதை பிரிட்டிஷாருக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தவை மேவிஸும் தோழிகளும் உடைத்த செய்திகள். அப்போது அவருக்கு வயது 19.

(தொடரும்)