வடை சுற்றிய தாள்

அவிசாவளையில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இரத்தினபுரிக்கு, மற்றது எட்டியாந்தோட்டை, கித்துல்கலை தாண்டி ஹட்டனுக்கு. எதில் போனாலும் சற்று நேரத்தில் ஓர் எண்ணெய்ச் சட்டி கண்ணில் படும். தகரக் கூரை, முன்னால் பலகை, பலகைமேல் கண்ணாடிப் பெட்டி, பின்னால் ரப்பர் விறகு எரியும் அடுப்பு. டிரைவர் தேத்தண்ணி குடிக்க இறங்கினால் பஸ்ஸில் பாதிப் பேர் கூடவே இறங்கிவிடுவோம். நாலு பருப்பு வடையும் பொரித்த செத்தல் மிளகாய் இரண்டும், யாரோ ஒரு பிள்ளையின் பழைய கொப்பியில் கிழித்த தாளில் சுற்றிக் கைக்கு வரும்.

வடை தீர்ந்ததும் அந்தத் தாளை வாசிப்பது என் சின்ன வயதுப் பழக்கம். கூட்டல் கணக்கு இருக்கும், ஆசிரியரின் சிவப்பு மை இருக்கும். ஒருமுறை 'எனது கிராமம்' என்ற தலைப்பில் சிங்களத்தில் எழுதிய கட்டுரையில் பாதி வந்தது. எண்ணெய் ஊறி, மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். வடை வந்த வழியை யோசிக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் இந்த வடையைக் கடல் கடந்து கொண்டுவந்தவர்களின் கதை முழுக்கத் தாள்களின் கதை.

கோப்பிக் காலத்தில் அவர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு நடந்து வந்தார்கள். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கிளம்பி, கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து காடு வழியே மாத்தளைவரை நடை. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியபிறகு மண்டபம் முகாமில் தங்கி, ரயிலேறி வந்தார்கள். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. களனிவெளியிலும் கேகாலைச் சரிவுகளிலும் ரப்பர் எழுந்தது. வந்த ஒவ்வொருவரோடும், ஆட்களைக் கூட்டிவந்த கங்காணியின் கடனும் வந்தது. கடன் தீர்ந்ததா, எவ்வளவு பாக்கி என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அது கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது.

வடை துண்டில்லாமல் வந்தது. அதற்கு மூட்டையில் இடம் வேண்டியதில்லை. பருப்பும் வெங்காயமும் வந்த இடத்துக் கடையில் கிடைத்தால் போதும், செய்முறை கையில் இருந்தது. என் அம்மாயி களனிவெளித் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால் வெட்டியவர். தீபாவளிக்கும் மாரியம்மன் தீர்த்தத்துக்கும்தான் வடை. கடலைப் பருப்பை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை ஒட்ட வடித்து, லயத்து வரிசை வீட்டு வாசல் அம்மியில் ஒன்றிரண்டாக அரைப்பார். ஒரு பிடி பருப்பை அரைக்காமல் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் சேர்ப்பார். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருஞ்சீரகம், உப்பு. "தண்ணி பட்டா எண்ணெயைக் குடிச்சிரும்டா" என்று யாரையும் பக்கத்தில் விடமாட்டார். உள்ளங்கையில் வைத்து அழுத்தும்போது ஓரம் மெலிந்து பிசிறும், நடு தடித்திருக்கும். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் வருவதன் சூட்சுமம் அந்த ஒரு அழுத்தில்தான். அவர் கையில் எவ்வளவு கழுவினாலும் ரப்பர்ப் பால் வாடை இருக்கும். வடையின் அளவு அந்தக் கையின் அளவு.

லயத்து வாசலிலிருந்து வடை வெளியே வந்தது ரயிலாலும் ரோட்டாலும். 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரைக்கும், 1867இல் கண்டி வரைக்கும் தண்டவாளம் திறந்தார்கள், கோப்பி மூட்டைகளை இறக்குவதற்காக. கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையில்தான் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் ஏற்றத்துக்கு இன்னொரு இஞ்சினைக் கோர்க்க ரயில் அங்கே நிற்கும். அந்தச் சில நிமிடங்கள் கூடைக்காரர்களுக்குப் போதும். ஜன்னல் ஜன்னலாக ஓடி, ஓடும் ரயிலில் தொற்றி, "உணு உணு வடே" என்ற குரல் பெட்டிக்குப் பெட்டி நகரும். உணு என்றால் சிங்களத்தில் சூடு. தமிழ் வடை சிங்கள வாயில் 'வடே' ஆனது. மேலே இறாலை வைத்துப் பொரித்தால் 'இஸ்ஸோ வடே'. மலைக்கு வந்த பண்டம் கடலோடு உறவு வைத்துக்கொண்டு காலிமுகத்திடல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இரத்தினபுரிப் பக்கத்துக்கு வேறொரு ரயில் இருந்தது. களனிவெளிச் சின்ன ரயில் 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கையையும் தொட்டது. எழுபதுகளில் அவிசாவளைக்கு அப்பால் அதை மூடிவிட்டார்கள். பிறகு எல்லாப் பயணமும் ரோட்டுக்கு வந்தது. தோட்டத்து ரோடு மெயின் ரோட்டைச் சந்திக்கிற ஒவ்வொரு சந்தியிலும் ஒரு தேத்தண்ணிக் கடை. சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும், குருவிட்டை வழியாகவும் பலாபத்தலை வழியாகவும் மலையேறுகிற கூட்டத்துக்கு இரவிரவாக அடுப்பு எரியும். வெள்ளை உடுத்திய சிங்களக் கிழவிகளும் நெற்றியில் திருநீறு பூசிய தோட்டத்து ஆட்களும் ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் வெந்த வடையைக் கடித்து வெறுந்தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் படி ஏறுவார்கள்.

பருப்புக்குக் கேகாலையில் இன்னொரு கதையும் உண்டு. 1934இல் மழை பொய்த்தது. எப்போதும் புரண்டு ஓடும் மகா ஓயா குட்டை குட்டையாகத் தேங்கியது. குட்டைகளில் கொசு பெருகியது. 1935 வரை நீடித்த அந்த மலேரியாவில் நாடு முழுதும் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் மருந்தோடும் உணவோடும் கிராமங்களுக்குள் போனார்கள். அவர்களில் ஒருவரான என். எம். பெரேரா பசித்த வீடுகளுக்குப் பருப்புக் கொடுத்தார். கிராமத்தார் அவருக்கு வைத்த பெயர் 'பருப்பு மஹத்தயா'. 1936இல் ருவன்வெல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். பின்னர் நெடுங்காலம் எட்டியாந்தோட்டையின் உறுப்பினராக இருந்தார்.

அதே பெரேரா 1970இலிருந்து 1975 வரைக்கும் நிதி அமைச்சர். அந்நியச் செலாவணி வற்றிய காலம் அது. இறக்குமதியை இறுக்கிய பட்டியலில் பருப்பும் இருந்தது. மைசூர்ப் பருப்பைக் கண்ணால் காண முடியவில்லை. கௌபியும் பாசிப்பயறும் பருப்பின் இடத்துக்கு வந்தன. கௌபியை அரைத்து வடை சுட்டார்கள். அது வடைதான், ஆனால் ஓரம் மொறுமொறுக்கவில்லை என்று அம்மாயி சொல்வார். 1973, 74இல் தோட்டங்களில் வடை மட்டுமா இல்லாமல் போனது? மாவும் அரிசியும் இல்லாமல் கிழங்கும் கீரையும் தேடி அலைந்தார்கள். பட்டினியில் ஆட்கள் செத்தார்கள். அந்த இரண்டு வருடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது, பருப்பு திரும்பி வந்தது. இன்றைக்குக் கடைச் சட்டியில் வேகிற பருப்பில் பெரும்பங்கு கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விளைந்தது. மைசூர்ப் பருப்பு என்ற பெயரில்தான் மைசூர் இருக்கிறது. வடையின் பயணம் இராமேஸ்வரக் கடலோடு முடியவில்லை. ஒவ்வொரு மூட்டையும் புதிதாக ஒரு பெருங்கடலைக் கடந்துதான் சந்திக் கடைக்கு வருகிறது.

பருப்பு திரும்பி வந்தது போல ஆட்கள் திரும்பி வரவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் தாள் எழுதி வைத்தார்கள்? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். தமையன் ஒரு கணக்கில், தங்கை மறு கணக்கில். தலைமன்னார்க் கப்பல் எதிர்த்திசையில் நிறைந்து போனது. போனவர்களில் பலர் நீலகிரியில் மறுபடி தேயிலை பறித்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'. இருந்தவர்களிலும் கடைசி ஆட்களுக்குப் பிரஜாவுரிமை முற்றாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அமெரிக்க ரோட்டோரத்து ஹாட் டாக் கடைகளைப் பற்றி ஒருமுறை வாசித்தேன். நெடும்பயணம் போகிறவர்கள் பழைய கடைகளைத் தேடிப் போய்ச் சாப்பிடுவார்களாம். அந்தச் சூட்டுத் தொத்திறைச்சியும் குடியேறிகள் கொண்டுவந்ததுதான். ஜெர்மனியிலிருந்து போன சார்லஸ் ஃபெல்ட்மேன் 1867இல் நியூயார்க்கின் கோனி தீவில் வண்டி தள்ளி விற்றார்; போலந்து யூதரான நேதன் ஹேண்ட்வெர்க்கர் 1916இல் அதே தீவில் ஐந்து சதத்துக்கு விற்கும் கடை திறந்தார். இதை வாசித்தபோது எங்கள் சந்திக் கடைகள்தான் ஞாபகம் வந்தன. பின்னர் ஒரு வித்தியாசம் உறுத்தியது. அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள் அந்த மண்ணில் பிறந்ததனாலேயே அந்த நாட்டவர் ஆனார்கள். பண்டமும் ஆளும் ஒன்றாக ஊராரானார்கள். இங்கே வடை முதலில் ஊரானது. அதைச் சுட்ட கை பல பத்து ஆண்டுகள் வாசலிலேயே நின்றது.

நின்ற இடத்திலும் நிம்மதி இல்லை. 1981 ஆகஸ்டில், தமிழருக்கு எதிரான வன்முறையில், இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன, கடைகளும் எரிந்தன. பலர் கையில் கிடைத்ததோடு வவுனியாப் பக்கம் போனார்கள். 1983இலும் ஓடினார்கள். கதவைத் திறந்து ஒளித்து வைத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஆனால் திரும்பி வந்து பார்த்தபோது சில சந்திகளில் அடுப்பு வேறு ஆளிடம் இருந்தது. வடை அங்கேதான் இருந்தது.

போன வருடம் பெல்மதுளைக்குப் போகும் வழியில் ஒரு கடையில் இறங்கினேன். சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும். மாவில் இடித்த மாசி சேர்த்திருந்தார்; அம்மாயி கேட்டால் முகம் சுளித்திருப்பார், எனக்குப் பிடித்தது. அவர் வடையை அழுத்தும் விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரம் மெலிந்து, நடு தடித்து. ஒரு பிடி முழுப்பருப்பு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

"யார்கிட்ட பழகினீங்க, அக்கா?"

"அம்மாகிட்டதான்," என்றார். தமிழ் நன்றாக வந்தது. "2022ல காஸ் இல்லாம போச்சே, அப்ப இந்த விறகு அடுப்பு போட்டது. இப்ப காஸ் இருக்கு, ஆனா சனம் இதுதான் ருசி என்கிறாங்க."

அவருடைய அம்மா யாரிடம் பழகினார் என்று நான் கேட்கவில்லை. அது அவருடைய வடை. அவர் கைக்கு அது வந்து சேர்ந்த வழியில் எனக்குச் சந்தோஷம்தான். என் குறையெல்லாம் வேறு. 2023இல், மலையகத்தார் வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே, அந்த நடையில் அவர்கள் கேட்டது காணி, வீடு, மற்றவர்களுக்கு உள்ளது போல ஒரு முகவரி. லயத்து ஆளுக்கு இன்றும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. கதவு இலக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் 'எனது கிராமம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், லயத்துப் பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு எதை எழுதும்? நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில், பக்கத்துச் சிங்களக் கிராமத்து வயலையும் பன்சலையையும் என்னுடையதாக எழுதிக் கொடுத்து, சிவப்பு மையில் சரி வாங்கினேன்.

பஸ் ஹாரன் அடித்தது. நாலு வடையை அந்த அக்கா தாளில் சுற்றி நீட்டினார். இருக்கையில் உட்கார்ந்து ஒன்றைத் தின்றுவிட்டுத் தாளை விரித்தேன். இந்தமுறை தமிழ்க் கொப்பி. மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, 'எங்கள் தோட்டம்' என்று தலைப்பு. நாலே வரி. ஆறு இருக்கிறது, கோயில் இருக்கிறது, ரப்பர் மரங்கள் இருக்கின்றன, எங்கள் வீடு எட்டாம் லயத்தில் இருக்கிறது. எண்ணெய் பரவுமுன் ஓரத்தைத் துடைத்து, பழைய தாளோடு சேர்த்து வைக்க மடித்துக்கொண்டேன்.