விழுந்தால் வீட்டுக்கு... முழுசாவா?

1968-ல அண்ணா ஆட்சியில அரசு பரிசுச் சீட்டு ஆரம்பிச்சப்போ 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு'ன்னாங்க. அப்போ அது நிஜம்தான். எதிர்பாராம ஒரு தடவை வர்ற பணத்துக்கு வருமான வரி கிடையாது. 1972 நிதிச் சட்டம் லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டிப் பரிசையெல்லாம் வருமானத்துல சேர்த்துடுச்சு. அப்புறம், விழுந்தாலும் நாட்டுக்கு ஒரு பங்கு!

2003-ல ஜெயலலிதா ஆட்சியில லாட்டரிக்கே தடை வந்துச்சு. பரிசு வரி மட்டும் போகலை: 30 சதவீதம், அந்த வரி மேல 4 சதவீத செஸ்.

எங்க காட்பாடியில 40 லட்ச ரூபா வீடு ஒண்ணு போட்டியில விழுதுன்னு வைங்க. வரி 12,48,000 ரூபா. செங்கல்லை உருவியா கட்ட முடியும்? வரி கட்டியாச்சான்னு பாத்துட்டுதான் பரிசு தர்றவர் வீட்டையே கொடுக்கணும். கையில காசில்லாதவருக்கு வீட்டுக்கு முன்னாடி கடன்தான் வரும்.

அதனால மக்களே, பரிசு வீடுன்னு விளம்பரம் பாத்தா, வரி யார் கட்டுறாங்கன்னு முதல்ல கேளுங்க.