கஞ்சா வழக்கும் ஐதிக அளவையும்

மணிமேகலையின் சமயக் கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் அளவைவாதி தன் அளவைகளைத் தொகுத்துரைக்குமிடத்து, ஆகமத்தையும் ஐதிகத்தையும் வேறு வேறாக வைத்து எண்ணுகின்றான். இரண்டும் பிறர்பால் கேட்டறிவனவே. ஆயின், ஆகமம் அறிவன் நூலைப் பற்றுக்கோடாக உடையது. ஐதிகமோ, இம்மரத்திற் பேய் உண்டென உலகம் கூறுதலைக் கேட்டு அவ்வாறே தெளிவது. கண்டவர் யாவர் என்னும் வினாவிற்கு ஐதிகத்தில் விடை இல்லை. கஞ்சாவைச் சட்டத்தால் விலக்குவதா, ஏற்பதா என்று ஒரு நூற்றாண்டிற்கு மேலாக நிகழும் வழக்கினை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும். அவ்வழக்கில் ஐதிகம் ஆகமத்தின் கோலம் பூண்டு நின்ற இடங்கள் பல. அவற்றுள் இரண்டனை ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம்.

1. இந்திய ஆய்வுக்குழு

1891ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு வினா எழுந்தது. கஞ்சா அபினினும் கொடிதென்றும், இந்திய மனநோய் விடுதிகள் கஞ்சா புகைப்பாரால் நிரம்பியுள்ளன என்றும் அலகாபாத்துப் ‘பயனீர்’ இதழ் எழுதியது உண்மையோ என்பதே அது. 1893இல் கேய்ன் என்னும் உறுப்பினர் இப்பொருளை மீண்டும் எழுப்பவே, இந்திய அரசாங்கம் மக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட குழுவை அமைத்தது. சென்னை மாகாணம் உட்படப் பல மாகாணங்களினின்றும் 1,193 பேர் சான்றுரைத்தனர். 1894இல் அறிக்கை நிறைவுற்றது.

விடுதிகள் நிரம்பியுள்ளன என்பதற்கு அரசாங்கப் புள்ளிவிவரமே சான்றாகக் காட்டப்பட்டது. செய்தித்தாளின் கூற்றாயின் ஐயுறலாம். அரசாங்கப் பதிவேட்டை ஐயுறுவார் யார்? குழுவினர் ஐயுற்றனர். பதிவேட்டில் ‘நோய்க்குக் காரணம்’ என்னும் கட்டம் எவ்வாறு நிரப்பப்படுகின்றது என்று வினவினர். நோயாளியை அழைத்து வரும் காவலர் தாம் கேட்டதையோ கருதியதையோ எழுதித் தந்தனர் என்பதும், விடுதி அலுவலர் பலர் அதனையே படியெடுத்தனர் என்பதும் வெளிப்பட்டன. நோயுற்றான் ஒருவன் கஞ்சா புகைத்தவன் எனக் கேள்வியுற்ற அளவில் அதுவே காரணமாகக் குறிக்கப்பட்டது. 1892ஆம் ஆண்டில் விடுதிகளிற் சேர்ந்தோர் 1,344 பேர். அவருள் 222 பேர்க்குக் கஞ்சா முதலியன காரணமெனப் பதிவேடு கூறிற்று. ஒவ்வொன்றாக ஆராய்ந்தபின் எஞ்சியவை 98 மட்டுமே. உலகுரை காவலர் ஏட்டிற் புகுந்து, ஏட்டினின்று புள்ளிவிவரமாகி, புள்ளிவிவரத்தினின்று செய்தித்தாளை அடைந்து, மீண்டும் உலகுரையாயிற்று என்பது இதனாற் போதரும்.

அளவான பழக்கத்தால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, மிகையான பழக்கம் கேடு பயக்கும், முழுவிலக்கு வேண்டா, உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துதலே தக்கது என்பது குழுவின் துணிபு. உறுப்பினருள் இந்தியர் இருவர் இத்துணிபிற்கு மாறுபட்டுத் தனிக் குறிப்பு எழுதினர் என்பதும் மறத்தற்குரியதன்று.

2. அமெரிக்கச் சட்டம்

நாற்பத்து மூன்று ஆண்டுகட்குப் பின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கு வேறு முடிவினை எய்தியது. ஆங்கு மருத்துவர் அச்செடியைக் ‘கன்னபிசு’ என்னும் பெயரால் நன்கறிவர். செய்தித்தாள்களோ மெக்சிக்கோ மக்கள் வழங்கிய ‘மரிகுவானா’ என்னும் பெயரையே பரப்பின. ஆங்கிலம் பேசுவார்க்கு அப்பெயர் பொருள் விளங்காத இடுகுறி. எப்பொருளையும் அதன்மேல் ஏற்றலாம். கொலையும் வெறியும் அயலார் மீதுள்ள அச்சமும் அதன்மேல் ஏற்றப்பட்டன.

1930 முதல் கூட்டரசின் போதைப்பொருள் துறைத் தலைவராயிருந்த ஆன்சிலிங்கர், 1937 சூலையில் ஒரு திங்களிதழில் எழுதிய கட்டுரையில் புளோரிடா மாநில இளைஞன் ஒருவன் தன் குடும்பத்தாரைக் கொன்றதை மரிகுவானாவின் விளைவாகக் காட்டினார். 1933இல் நிகழ்ந்தது அக்கொலை. அவ்விளைஞன் மனநோயாளன் எனத் துணியப்பட்டு மாநில மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டவன். அச்செய்தி கட்டுரையில் இடம்பெறவில்லை.

அவ்வாண்டு ஏப்பிரல், மே திங்களிற் சட்டமன்றக் குழு சான்று கேட்டபொழுது, கொலராடோ மாநிலத்து அலமோசா என்னும் ஊரின் நாளிதழாசிரியர் ஒருவர் வரைந்த கடிதமும் சான்றாக வைக்கப்பட்டது. ஸ்பானிய மொழி பேசும் மக்களை இழித்துரைப்பது அக்கடிதம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சார்பில் வந்த உட்வர்டு என்பார் இம்முறையை மறுத்தார். சிறைத்துறையும் சிறுவர் நலத்துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் அழைக்கப்படாமல், செய்தித்தாட் கூற்றுக்களே சான்றாவது எங்ஙனம் என்பது அவர் வினா. மருத்துவர் அறிந்த செடியே மரிகுவானா என்னும் பெயரால் குறிக்கப்படுகின்றது என்பதையே தம் துறையினர் அண்மையில்தான் அறிந்தனர் என்றும் அவர் கூறினார். குழுவினர் விடையிறுத்தாரல்லர், அவரையே கடிந்தனர். ஆகத்து 2இல் ரூசுவெல்ட்டு சட்டத்தில் ஒப்பமிட்டார்.

இந்தியக் குழு ஏட்டின் மூலத்தைத் தேடிச் சென்றது. அமெரிக்கக் குழு ஏட்டோடு அமைந்தது. முடிவுகள் வேறுபட்டமைக்கு இதுவே தலையாய காரணம் என்க.

3. பின்னை நிகழ்ச்சிகள்

நியூயார்க்கு நகரத் தலைவர் லாகார்டியா 1939இல் அமைத்த குழு 1944இல் தன் ஆய்வை வெளியிட்டது. மரிகுவானாவே பெருங்குற்றங்கட்குக் காரணம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என அது கண்டது. சட்டம் மாறவில்லை, சட்டத்திற்குக் கூறிய காரணமே மாறிற்று. மரிகுவானாவினின்று எராயினுக்குச் செல்வதுண்டோ என 1937இல் வினவியபொழுது அத்தகையதைக் கேட்டிலேன் என்ற ஆன்சிலிங்கரே, 1950களில் அவ்வழியைப் பெருந்தீங்காக எடுத்துரைத்தார். ஏது வீழ்ந்தும் பக்கம் நிலைபெற்றது. 1972இல் சேபர் தலைமையில் அமைந்த தேசியக் குழு, தம் பயனுக்காகச் சிறிதளவு வைத்திருத்தலைக் குற்றமாகக் கொள்ளற்க எனப் பரிந்துரைத்தபொழுது, குடியரசுத் தலைவர் நிக்சன் அதனை ஏற்றிலர்.

காற்று இன்று எதிர்ப்புறம் வீசுகின்றது. அலமோசாக் கடிதம் தோன்றிய அதே கொலராடோவில் 2012இல் மக்கள் வாக்களித்துக் கஞ்சாவை ஏற்றனர். 2014 சனவரி முதல் நாளிற் கடைவிற்பனை தொடங்கிற்று. 2018இல் கனடா முழுவதும் ஏற்றது. முன்பு கொலைப்பூண்டாகக் காட்டிய இதழுலகிலேயே அச்செடி பல்பிணி மருந்தாகக் காட்டப்படுவதும் உண்டு. அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்களின் 2017 அறிக்கையோ இரண்டிற்கும் இடம் தரவில்லை. வயது வந்தோரின் நாட்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் நேரும் குமட்டல் முதலிய சிலவற்றிற்கே போதிய சான்று உண்டென்றும், மிகுதியாகப் பயன்படுத்துவார்க்கு மனச்சிதைவு நோய் நேரும் வாய்ப்பு மிகுதல் பற்றியும் வலுவான சான்று உண்டென்றும் அது கூறுகின்றது.

ஏற்பார் இந்நாளில் 1894 அறிக்கையைத் தமக்கு அரணாக எடுத்துக்காட்டுவர். அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் போதைக்கூற்றின் அளவு 1995இல் நூற்றுக்கு 4 அளவில் இருந்து 2014இல் 12 அளவிற்கு உயர்ந்துள்ளது. பொருளே மாறிவரும்பொழுது, பழைய துணிபை ஆராயாது மீட்டுரைப்பின் அவ்வறிக்கையும் ஐதிகமாகிவிடும். அதனினின்று நாம் கொள்ளத்தக்கது அதன் முடிவன்று. காவலர் எழுதிய கட்டம் வரை சென்று கண்ட அதன் முறையே ஆகும். விலக்குவார் கூற்றாயினும் ஏற்பார் கூற்றாயினும், மரத்திற் பேய் உண்டென்பாரை நோக்கிக் கண்டவர் யாவர் என வினவுதலே ஆராய்ச்சியாளர் கடன்.